லாக்கனாலியா வளர்க்கலாம் வாங்க: குளிர்காலத்துல பூத்து கோடையில தூங்கற கேப் கிழங்குச்செடி, முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவோட மேற்கு கேப் பக்கம் ஜூன் ஜூலையில மழையும் குளிர்காத்துமா இருக்கும், அந்த நேரத்துல பாறை இடுக்குல ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சளும் ஆரஞ்சும் செவப்புமா குழாய்ப்பூ வரிசையா தொங்கிட்டு நிக்கும், அதுதான் லாக்கனாலியா. கிழங்கு சின்ன வெங்காயம் சைஸுக்கு மேல போகாது. பெரும்பாலும் ரெண்டே இலை, அதுல ஊதாவும் பழுப்புமா புள்ளி தெளிச்சிருக்கும், சில வகைக்கு பூவே வரலன்னாலும் இலைக்காகவே வெச்சுக்கலாம், அவ்வளவு அழகு. ஊர்ல ஆப்பிரிக்கான்ஸ் பேசறவங்க ஃபியூல்கீன்னு சொல்றாங்க, இங்கிலீஷ்ல கேப் கவ்ஸ்லிப். ஒரு பூந்தண்டை இன்னொண்ணு மேல உரசினா வயலின் மாதிரி கீச்சுனு ஒரு சத்தம் வரும், குழந்தைங்க அதை வெச்சு விளையாடுவாங்க.

மொத்தம் 130க்கும் மேல வகை இருக்கு, எல்லாமே தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும்தான், அதுலயும் ரொம்ப அதிகமா இருக்கறது மேற்கு கேப், வடக்கு கேப் ரெண்டுலயும். ஸ்விட்சர்லாந்து பாஸல் ஊர்ல இருந்த வெர்னர் டி லாக்கனால்ங்கற தாவரவியலாளர் பேரை 1784ல வெச்சாங்க. சதாவரி குடும்பம், அதாவது தண்ணிவிட்டான் கிழங்கோட தூரத்து சொந்தம்.

இந்தச் செடியைப் பத்தி முழுசா எழுதணும்னு தோணினதுக்குக் காரணம், இதை வாங்கறவங்க நிறைய பேர் முதல் வருஷம் பூவைப் பாத்துட்டு ரெண்டாவது வருஷம் தொட்டியில ஒண்ணுமே இல்லாம நிக்கறாங்க. மண் சரியில்லையா, உரம் போதலையான்னு தேடறாங்க. அது ரெண்டும் இல்ல. கோடையில தண்ணி ஊத்தினதுதான் காரணமா இருக்கும். லாக்கனாலியா வளர்க்கறதுல பாதி வேலை அது வளர்ற ஆறேழு மாசத்துல இருக்கு, மீதிப் பாதி அது மண்ணுக்குள்ள சும்மா கிடக்கற மாசத்துல இருக்கு, அந்த ரெண்டாவது பாதியை யாருமே சொல்லித் தர்றதில்ல.

முதல்ல அது பொறந்த ஊரோட காலண்டரைப் புரிஞ்சுக்கோங்க

கேப் டவுன்ல மழை குளிர்காலத்துலதான். பூமியோட தென்பாதிங்கறதால அங்க ஜூன் ஜூலைதான் குளிர்காலம், வேற ஊர் பேரைச் சொல்லாத இடத்துல நான் சொல்ற மாசமெல்லாம் அந்தக் கணக்குதான். ஜூன் மாசம் 90 மில்லிமீட்டர் வாக்குல பெய்யும், பிப்ரவரியில 20க்கும் கீழ. குளிர்கால ராத்திரி 7, 8 டிகிரிக்கு இறங்கும், பகல்ல 17, 18. நவம்பர்லேந்து மார்ச் வரைக்கும் வெயிலும் தென்கிழக்குக் காத்துமா மண் காஞ்சு கருவாடா ஆயிடும். வடக்கே நமாக்குவாலாந்து பக்கம் போனா மழை இன்னும் கம்மி, ஆனா அதுவும் குளிர்காலத்துலதான் வரும்.

இந்தக் கிழங்கு அந்தக் கணக்குக்கே பழகிப்போனது. மார்ச் ஏப்ரல்ல ராத்திரி குளிர ஆரம்பிச்சதும் வேர் விடும், வேர் வருஷா வருஷம் புதுசா வரும், பழசு செத்துடும். அப்புறம் இலை, அப்புறம் பூ, செப்டம்பர் அக்டோபர்ல விதை, அதுக்கப்புறம் இலையெல்லாம் காஞ்சு மேல ஒண்ணும் தெரியாது. காய்ஞ்ச மண்ணுக்குள்ள கிழங்கு மட்டும் இருக்கும். அந்த நேரத்துல அது செத்துப்போன மாதிரி தெரிஞ்சாலும் உள்ள வேலை நடந்துக்கிட்டுதான் இருக்கும், தோட்டத்துக்குன்னு உருவாக்கின ரகங்கள்ல கிழங்கு காஞ்சு சூடா இருக்கற அந்தக் காலத்துலதான் அடுத்த பூந்தண்டு உள்ளுக்குள்ள உருவாக ஆரம்பிக்குது. அதனால டியூலிப் கிழங்கை ஃபிரிட்ஜ்ல வெக்கற மாதிரி இதையும் வெச்சிடாதீங்க, இதுக்கு நேர் எதிரா சூடும் உலர்வும்தான் வேணும். இந்த ஒரு விஷயம் மனசுல நின்னுட்டா கீழ சொல்றது எல்லாம் தானாவே புரியும்.

எந்த வகையிலேந்து ஆரம்பிக்கலாம்

அலாய்டிஸ்தான் முதல்ல. லாக்கனாலியா அலாய்டிஸ், நர்சரியில சுலபமா கிடைக்கறதும் இதுதான், தப்பெல்லாம் கொஞ்சம் பொறுத்துக்கும். ஜூலை ஆகஸ்ட்ல பூக்கும். இதுக்கு நெருங்கின சொந்தம் குவாட்ரிகலர், ஒரே பூவில செவப்பு, மஞ்சள், பச்சை, நுனியில ஊதாச் செவப்புன்னு நாலு நிறம், மேற்குக் கடற்கரை கருங்கல் பாறைகள்ல வளர்றது, மொட்டா இருக்கறப்பவே ஆரஞ்சு செவப்பா கண்ணைப் பறிக்கும்.

பல்பிஃபெரா நல்ல செவப்பு, கடற்கரை ஓர மணல்ல வர்றது, கொஞ்சம் பெரிய கிழங்கு, அடியில குட்டிக் குட்டி கிழங்கா போட்டுக்கிட்டே இருக்கும் அதனால சீக்கிரம் தொட்டி நெறைஞ்சிடும். ருபிடா எல்லாத்துக்கும் முன்னாடி பூக்கும், ஏப்ரல் மே மாசத்துலயே, சில சமயம் இலை முழுசா விரியறதுக்கு முன்னாடியே பூ வந்துடும். கான்டாமினாட்டா வெள்ளை, மெல்லிசான புல்லு மாதிரி இலை, ஈரமான இடத்துல வளர்றதால தண்ணி கொஞ்சம் கூடினாலும் தாங்கிக்கும், புதுசா வளர்க்கறவங்க கைக்கு இது ரொம்ப நல்லது. பஸ்டுலாட்டாவோட இலை பூரா கொப்புளம் கொப்புளமா இருக்கும், தொட்டுப் பாத்தாதான் நம்புவீங்க.

எல்லாரும் ஆசைப்படறது விரிடிஃப்ளோரா. நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம், பூச்செடிகள்ல ரொம்ப அபூர்வமான நிறம் அது, படத்துல பாத்தா கலர் மாத்தியிருக்காங்கன்னு நினைப்பீங்க. மே ஜூன்ல பூக்கும். காட்டுல இது மேற்கு கேப் கடற்கரையில செயின்ட் ஹெலினா பே, ஃப்ரீடன்பர்க்ங்கற ஊர்கள் சுத்துவட்டாரத்துல இருக்கற கருங்கல் பாறை மேடுகள்ல மட்டும்தான் இருக்கு, அழியற நிலையில இருக்கற செடி, ஆனா தோட்டக்காரங்க விதையிலேந்து வளர்த்து வளர்த்து இப்ப வீட்டுத் தொட்டிகள்ல நல்லாவே இருக்கு. வளர்க்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல.

இயற்கை வகை வேணாம், பெரிய பூவா நிறைய நாள் நிக்கணும்னா கலப்பின ரகங்கள் இருக்கு. பிரிட்டோரியா பக்கத்துல ரூடப்ளாட் ஆராய்ச்சி நிலையத்துல 1960கள்ல ஆரம்பிச்சு பல வருஷம் உழைச்சு உருவாக்கினது, ஆஃப்ரிக்கன் பியூட்டிங்கற பேர்ல விக்கறாங்க. அதுல ரோனினா மஞ்சள், ரூபர்ட் ஊதா. தொட்டிச்செடியாவும் வெட்டுப்பூவாவும் போகுது, ஜாடியில வெச்சா ரெண்டு வாரம் தாராளமா நிக்கும்.

ஆரம்பத்துல தொட வேணாம்னு சொல்றது மொன்டானா, சர்ஜென்ட்டியை மாதிரி மலை வகைகளை. அதெல்லாம் புதர்க்காட்டுல தீ வந்து போன பிறகுதான் ஒழுங்கா பூக்கும். தொட்டியில வெச்சுட்டு வருஷக்கணக்கா இலையை மட்டும் பாத்துக்கிட்டு இருப்பீங்க.

சமாளிக்க முடியும்னா ருபிடா, விரிடிஃப்ளோரா, அலாய்டிஸ், கான்டாமினாட்டான்னு நாலு தொட்டி வெச்சுக்கோங்க, ஏப்ரல்லேந்து செப்டம்பர் அக்டோபர் வரைக்கும் ஏதாவது ஒண்ணு பூத்துக்கிட்டே இருக்கும்.

மண்ணும் தொட்டியும்

மண்ணுல சத்து முக்கியம் இல்ல, தண்ணி நிக்காம இறங்கறதுதான் முக்கியம். பருமணல் ரெண்டு பங்கு, சல்லடையில சலிச்ச நல்லா மக்கின உரம் ஒரு பங்கு, இது போதும். மணல்னா கட்டடத்துக்குப் பூசற நைஸ் மணல் கிடையாது, அது ஈரமானதும் இறுகி காத்துப் போக வழியில்லாம அடைச்சிடும், கடற்கரை மணலும் உப்பு இருக்கறதால வேணாம். கையில எடுத்தா நறநறன்னு இருக்கற சல்லடையில நிக்கற மணல், இல்லன்னா நீச்சல்குள ஃபில்டருக்குப் போடற சிலிக்கா மணல். மக்கு உரம் பாதி மக்கினதா இருந்தா கிழங்கு அழுகும், வாசனை பாருங்க, மழை பெஞ்ச மண்ணு வாசனை வரணும், புளிச்ச வாடை வந்தா வேணாம். மாட்டுச் சாணம் கோழி எரு எதுவும் கிட்டக்கூட கொண்டு வராதீங்க. கோகோபீட் கொஞ்சம் கலந்துக்கலாம், ஆனா அது ஈரத்தைப் பிடிச்சு வெக்கும் அதனால மணலைக் கூட்டிக்கோங்க, நர்சரியில விக்கற ரெடிமேட் மண்ணை அப்படியே போட்டா இந்தக் கிழங்குக்கு அது ரொம்ப ஈரம்.

கலந்த மண்ணுல ஒரு டம்ளர் தண்ணி ஊத்திப் பாருங்க. மேல தேங்காம உடனே இறங்கணும். மேல குளம் கட்டிச்சுன்னா இன்னொரு பங்கு மணல் போட வேண்டியதுதான்.

தொட்டி 15லேந்து 20 சென்டிமீட்டர் அகலம், ஆழமும் அதே அளவு இருக்கட்டும். செடி சின்னதுதானேன்னு தட்டு மாதிரி ஆழமில்லாத தொட்டியில வெக்கறாங்க, ஆனா வேர் கீழ வரைக்கும் போகும், ஆழமில்லாத தொட்டி மழை பெஞ்சா ஊறிடும் வெயில் அடிச்சா ஒரே நாள்ல காஞ்சிடும். பிளாஸ்டிக்கா மண்தொட்டியான்னு கேட்டா, மழையில நனையற இடத்துல வெக்கறீங்கன்னா மண்தொட்டி, கூரைக்கு அடியில வெச்சு நீங்களே தண்ணி ஊத்தறீங்கன்னா பிளாஸ்டிக். அடி ஓட்டை மேல ஒரு துண்டு கொசுவலை போடுங்க, மண்ணு போகாது, அதை விட முக்கியம் நத்தை உள்ள ஏறாது.

நடறது

தெற்குப் பக்கம் இருக்கற நாடுகள்ல மார்ச் கடைசியும் ஏப்ரலும். வடக்குல இருந்தா ஆகஸ்ட் கடைசியிலேந்து அக்டோபர் ஆரம்பம் வரைக்கும். நாளைப் பாக்காதீங்க, ராத்திரியைப் பாருங்க, போர்வை தேட ஆரம்பிக்கற வாரம்தான் நடற வாரம்.

கிழங்கை எடுத்து லேசா அமுக்கிப் பாருங்க. கெட்டியா இருக்கணும். மெத்துனு இருந்தாலோ அடியில பூஞ்சை படிஞ்சிருந்தாலோ அதை மத்ததோட சேர்த்து வெக்காதீங்க. கூர் பக்கம் மேல, வேர்த்தழும்பு இருக்கற தட்டைப் பக்கம் கீழ. ஆழம் ரெண்டுலேந்து மூணு சென்டிமீட்டர், அதாவது கிழங்கு மேல அதோட உயரத்துக்கு மண் இருந்தா போதும். ஒரு 15 சென்டிமீட்டர் தொட்டிக்கு அஞ்சாறு கிழங்கு. ஒண்ணு ரெண்டு வெச்சா பாவமா தெரியும், நெருக்கமா வெச்சாதான் பூக்கறப்ப அழகு, நெருக்கத்தை இது தாங்கும்.

கிழங்கு உட்காரற இடத்துல மட்டும் ஒரு பிடி வெறும் மணலைப் போட்டு அது மேல கிழங்கை வெச்சு சுத்தியும் மணலாலேயே மூடுங்க. மக்கு உரம் நேரா கிழங்கைத் தொடாம இருக்கறதால அழுகல் ரொம்ப குறையும். எல்லாத்துக்கும் மேல அரை அங்குலம் கருங்கல் ஜல்லி, சின்ன சைஸ், பரப்பிடுங்க. மழைத்துளி அடிச்சு மண் இலையில தெறிக்காது, கழுத்துப் பகுதி காஞ்சே இருக்கும், அப்புறம் அந்தப் புள்ளி போட்ட இலை ஜல்லி மேல படுத்துக் கிடக்கறது பாக்கறதுக்கும் பாறை மேல இருக்கற மாதிரியே இருக்கும்.

தண்ணி, இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க

நட்ட உடனே ஒரு தடவை அடி ஓட்டையில தண்ணி வர்ற வரைக்கும் நல்லா ஊத்துங்க. அப்புறம் நிறுத்துங்க. இலை நுனி வெளியில தெரியற வரைக்கும் ஊத்தாதீங்க, ரெண்டு மூணு வாரம் ஆகும், அந்த ஒரு தண்ணியில கிழங்கு முழிச்சு வேர் விட்டுடும். இந்த நேரத்துலதான் பாவமேன்னு தினம் கொஞ்சம் கொஞ்சம் தெளிச்சு வேர் இல்லாத கிழங்கை ஊற வெச்சு அழுக விடறாங்க.

இலை வந்த பிறகு ஒரு வாரம் பத்து நாளைக்கு ஒரு தடவை, ஆனா ஊத்தறப்ப முழுசா ஊத்தணும். மேல ஒரு சென்டிமீட்டர் காஞ்சிருக்கான்னு விரலை விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா ஊத்துங்க. கேப்ல மாதிரி நல்ல மழை பெய்யற ஊர்னா நீங்க ஊத்தவே வேணாம், அதுவும் தொடர்ந்து ஒரு வாரம் அடிச்சு ஊத்தினா தொட்டியைக் கூரைக்கு அடியில தள்ளி வெக்கற வேலைதான் இருக்கும். காலையில ஊத்துங்க, ராத்திரி குளிர்ல இலைக் கவட்டுல தண்ணி நின்னா அங்கேந்துதான் பூஞ்சை ஆரம்பிக்கும். பூவாளி குழாயை இலைக்கு அடியில விட்டு மண்ணுக்கு நேரா ஊத்தறது நல்லது.

மொட்டு தெரிய ஆரம்பிச்சதுலேந்து பூ முடியற வரைக்கும் மட்டும் காய விடாதீங்க. அந்த நேரத்துல வறண்டா மொட்டு நுனியிலேந்து காஞ்சு உதிரும்.

வெயிலும் ராத்திரிக் குளிரும்

அரைநாள் நேரடி வெயிலாவது வேணும், காலை வெயில்னா இன்னும் நல்லது. வெளிச்சம் கம்மியானா இலை நீளமா வெளுத்துப்போய் தொங்கும், புள்ளி மங்கிடும், பூந்தண்டு ஒரு பக்கமா சாயும். குளிர்கால வெயில் எவ்வளவு இருந்தாலும் தாங்கும்.

ஆனா வெயிலை விட ராத்திரிதான் பெரிய விஷயம். 5லேந்து 12 டிகிரி வரைக்கும் இறங்கற ராத்திரி இதுக்குப் பிடிச்சது. ராத்திரியும் கதகதப்பாவே இருந்தா இலை மட்டும் தளதளன்னு வரும், பூ குட்டையா வந்து சீக்கிரம் முடிஞ்சிடும். அதனாலதான் ஹீட்டர் ஓடற ரூம்ல ஜன்னல் ஓரம் வெச்சா சரிப்பட்டு வராது, ஹீட்டர் இல்லாத கண்ணாடி வராண்டா மாதிரி இடம் இருந்தா அங்க வைங்க. சும்மா ஒரு ராத்திரி லேசா பூஜ்யத்தைத் தொட்டா ஒண்ணும் ஆகாது, தொடர்ந்து உறைபனி விழற ஊர்ல வெளியில விட்டா இலை கண்ணாடி மாதிரி ஆகி அழுகிடும்.

காத்து ஓட்டமும் வேணும். மூடி வெச்ச பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள ஈரம் தங்கி இலையில சாம்பல் பூசணம் பிடிக்கும்.

உரத்தைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. இலை நல்லா விரிஞ்சதும் ஒரு தடவை, மொட்டு வர்றப்ப ஒரு தடவை, பூ முடிஞ்சதும் ஒரு தடவை, பொட்டாசியம் அதிகமா நைட்ரஜன் கம்மியா இருக்கற உரம், தக்காளிக்குப் போடற திரவ உரம் இருந்தா பாக்கெட்ல போட்டிருக்கறதுல பாதி அளவு கரைச்சு ஊத்தினா போதும். விறகு சாம்பல் ஒரு ஸ்பூன் நடறப்பவே மண்ணுல கலந்துக்கலாம். யூரியா வேணவே வேணாம். பூ முடிஞ்ச பிறகு போடற அந்தக் கடைசி தடவையை விட்டுடாதீங்க, அடுத்த வருஷக் கிழங்கு பெருக்கறது அப்பதான்.

பூச்சி, நோய்

மாவுப்பூச்சிதான் முதல் எதிரி. இலைக்கு அடியில கழுத்துல, அதை விட மோசமா மண்ணுக்குள்ள கிழங்குச் செதிலுக்கு நடுவுல உட்கார்ந்துக்கும், வெளியில தெரியாது, செடி காரணமே இல்லாம வளராம நிக்கும். கோடையில கிழங்கைத் தோண்டி எடுக்கறப்ப வெள்ளையா பஞ்சு மாதிரி இருந்தா வெளித்தோலை உரிச்சிட்டு, ஸ்பிரிட்ல தொட்ட பஞ்சால துடைச்சு, நல்லா காய வெச்சு புது மண்ணுல நடுங்க, பழைய மண்ணை வேற எந்தக் கிழங்குக்கும் போடாதீங்க. இலையில இருக்கறதுக்கு வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த தண்ணி சாயங்காலம் அடிக்கலாம்.

நத்தையும் ஓடில்லாத நத்தையும் மொட்டைத் தின்னுட்டுப் போயிடும், ஒரே ராத்திரியில. மழை நின்ன சாயங்காலம் டார்ச் அடிச்சுப் பாத்து பொறுக்கறதுதான் எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி.

அசுவினி வந்தா உடனே கவனிங்க, அது சாறு குடிக்கறதை விட அது பரப்பற வைரஸ்தான் பிரச்சனை. ஆர்னித்தோகேலம் மொசைக் வைரஸ்னு ஒண்ணு, இலையில வெளிர்பச்சைக் கோடு கோடா, திட்டு திட்டா தெரியும், பூ நிறம் உடைஞ்சு வரும். அதுக்கு மருந்து கிடையாது. மனசு வராதுதான், ஆனா அந்தக் கிழங்கைப் பிடுங்கி குப்பையில போட்டாதான் மத்தது பிழைக்கும். கத்தியை நெருப்புல காட்டிட்டு அடுத்த செடியைத் தொடுங்க.

கேப்லயே தோட்டத்து மண்ணுல நடறவங்களுக்கு இன்னொரு தொல்லை, அங்க இருக்கற மண்ணெலியும் முள்ளம்பன்றியும் கிழங்குன்னா விடாது. கம்பி வலைக் கூடை செஞ்சு மண்ணுக்குள்ள புதைச்சு அதுக்குள்ள நடறாங்க.

இதெல்லாம் போக ஒரு விருந்தாளியும் வருவாங்க. செவப்பு ஆரஞ்சு வகைகளுக்கு கேப்ல தேன்சிட்டுதான் மகரந்தம் கடத்துது, பல்பிஃபெரா பூத்திருந்தா தொட்டி விளிம்புலயே உட்கார்ந்து அலகை விடும். மத்த வெளிர்நிற வகைகளுக்குத் தேனீ. பூத்திருக்கற நாள்ல மருந்து அடிக்காதீங்க.

காய விடறது

செப்டம்பர் கடைசியில இலை நுனி மஞ்சளாகும். உடனே வெட்டணும்னு தோணும், வெட்டாதீங்க, இலையில இருக்கற சத்தெல்லாம் கிழங்குக்கு இறங்கிக்கிட்டு இருக்கு. தண்ணியை மட்டும் இடைவெளி விட்டு விட்டுக் குறைச்சு, இலை பாதி காஞ்சதும் முழுசா நிறுத்திடுங்க. முழுக்க காஞ்சு இழுத்தா கையோட வர்றப்ப எடுத்துப் போடுங்க.

இப்ப தொட்டியை மழை படாத, காத்தோட்டமான, உலர்ந்த இடத்துக்கு மாத்துங்க. கூரை வெச்ச பால்கனி, ஷெட், எங்க வேணா இருக்கலாம். வெளிச்சம் தேவையில்ல. 25 டிகிரி வாக்குல இருந்தா நல்லது, ஆனா கருப்புத் தொட்டியை நேரா கோடை வெயில்ல வெச்சா உள்ள கிழங்கு வெந்துடும். பக்கத்துத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தறப்ப இதுக்கும் சிதறும், வீட்டுல வேற யாராவது காலியா கிடக்குதேன்னு ஊத்துவாங்க, இல்லன்னா மண்ணை எடுத்து வேற செடிக்குக் கொட்டிடுவாங்க, அதனால பேரும் தண்ணி ஊத்தாதீங்கன்னும் எழுதி ஒரு லேபிள் குத்தி வைங்க, பென்சில்ல எழுதுங்க, மார்க்கர் வெயில்ல அழிஞ்சிடும்.

வருஷா வருஷம் தோண்ட வேணாம். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை டிசம்பர் ஜனவரியில கொட்டி, குட்டிக் கிழங்கைப் பிரிச்சு, காகிதக் கவர்லயோ வலைப்பையிலயோ போட்டு வெச்சுட்டு நடற நேரத்துல புது மண்ணுல நடுங்க. பிளாஸ்டிக் கவர் கூடாது.

பெருக்கறது

சுலபமான வழி குட்டிக் கிழங்கு, அதைச் சொல்லிட்டேன். விதை இன்னும் நல்ல வழின்னு நான் நினைக்கறேன், ஏன்னா தாய்ச்செடியில வைரஸ் இருந்தாலும் விதையில வர்ற செடி பெரும்பாலும் சுத்தமா இருக்கும். காய் வெடிச்சு கருப்பா பளபளன்னு குட்டி விதை தெரியறப்ப சேகரிச்சு காகிதத்துல மடிச்சு கோடை பூரா வெச்சிருந்து, கிழங்கு நடற அதே நேரத்துல விதைங்க. அதே மணல் கலவை, மேல ரெண்டு மூணு மில்லிமீட்டர் மணல் தூவினா போதும், ஈரம் காயாம பாத்துக்கோங்க. மூணு நாலு வாரத்துல முளைக்கும், முதல் வருஷம் ஒத்தை இலை நூல் மாதிரிதான் வரும், களைன்னு நினைச்சுப் பிடுங்கிடாதீங்க. ரெண்டாவது இல்லன்னா மூணாவது குளிர்காலத்துல பூக்கும். பக்கத்துல வேற வகை பூத்திருந்தா கலப்பு விழும், சுத்தமான வகைதான் வேணும்னா அதைத் தனியா தள்ளி வெச்சு நீங்களே சின்ன பிரஷ்ஷால மகரந்தம் தொட்டு வைங்க.

இலையிலேந்தும் வரும், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. செடி நல்லா வளர்ற நேரத்துல, பூ வர்றதுக்கு முன்னாடி, நல்ல முத்தின இலை ஒண்ணை அடியோட வெட்டி எடுங்க. அதை ரெண்டு மூணு துண்டாக்குங்க, எது அடிப்பக்கம்னு மாறாம பாத்துக்கோங்க, தலைகீழா வெச்சா வராது. ஈரமான பருமணல்ல அடிப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் உள்ள போற மாதிரி குத்தி நிழலா வெளிச்சமான இடத்துல வைங்க. சில வாரத்துல வெட்டின விளிம்புல அரிசி மாதிரி குட்டிக் கிழங்கு வரிசையா உருவாகும். இலை காய்ஞ்சு போகும், பரவாயில்ல, மணலையும் காய விட்டு அடுத்த சீசன்ல அந்தக் குட்டிகளை எடுத்து நடுங்க. அலாய்டிஸ்ல இது நல்லா வரும்.

காட்டுலேந்து தோண்டி எடுக்கற வேலை மட்டும் வேணாம். மேற்கு கேப்ல அனுமதி இல்லாம காட்டுச்செடி எடுக்கறது சட்டப்படி குத்தம். அங்க மேற்குக் கடற்கரைச் சமவெளியில இருந்த ரெனோஸ்டர்ஃபெல்டுங்கற புதர்நிலத்துல பத்துல ஒரு பங்குகூட மிச்சம் இல்ல, மீதியெல்லாம் கோதுமை வயலாப் போச்சு, அந்த மிச்சத்துலதான் பல வகை லாக்கனாலியா பிழைச்சிட்டு இருக்கு. நர்சரியில வளர்த்த கிழங்கும் விதையும் தாராளமா கிடைக்குது.

வேற ஊர்ல இருக்கறவங்களுக்கு

மெல்போர்ன், அடிலெய்டு, கலிஃபோர்னியா கடற்கரைப் பக்கம் இருக்கறவங்களுக்கு கேப் மாதிரியே குளிர்காலம்தான், கண்ணை மூடிட்டு வளர்க்கலாம், கலிஃபோர்னியான்னா மாசத்தை மட்டும் ஆறு தள்ளிக்கோங்க. பெர்த்ல இருக்கறவங்க ஒரு விஷயம் கவனிக்கணும், அங்க ரிஃப்ளெக்ஸாங்கற மஞ்சள் வகை தோட்டத்தைத் தாண்டிப் போய் காட்டுக்குள்ள பெரிய களையா பரவியிருக்கு, அந்த வகையை வெக்கவே வெக்காதீங்க, மத்த வகைகளையும் தொட்டியில மட்டும் வெச்சு பூ வாடினதும் காய் முத்தறதுக்குள்ள தண்டை வெட்டிடுங்க.

லண்டன் மாதிரி ஊர்ல வெளியில விட முடியாது, ஆனா உறைபனி படாத கண்ணாடி அறையில ஜனவரியிலேந்து மார்ச் வரைக்கும் அட்டகாசமா பூக்கும். விக்டோரியா காலத்துலயே அங்க தொங்கும் கூடையில பாசியை வெச்சு, கூடையோட பக்கவாட்டுலயும் கிழங்கைச் சொருகி, பூக்கறப்ப கூடை முழுக்க பூப்பந்தா தொங்க விடுவாங்க, இப்பவும் அது செய்யலாம், ஒரு கூடைக்கு கிழங்கு நிறைய வேணும் அவ்வளவுதான்.

சென்னை, மதுரை, யாழ்ப்பாணம்னா நேராவே சொல்லிடறேன், வேணாம். மார்கழி ராத்திரியே 20 டிகிரி, இதுக்கு அது குளிரே இல்ல. ஊட்டி, கோத்தகிரி பக்கம் இருக்கறவங்க முயற்சி பண்ணலாம், அக்டோபர்ல நட்டு குளிர்காலம் பூரா வளர்த்து, ஏப்ரல்லேந்து மழை முடியற வரைக்கும் தொட்டியை வீட்டுக்குள்ள காஞ்ச இடத்துல வெச்சா வழி இருக்கு, கடுமையா பனி விழற ராத்திரி மட்டும் உள்ள எடுத்து வைங்க. வெளிநாட்டுலேந்து கிழங்கோ விதையோ எடுத்துட்டு வர்றதுக்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேணும், பையில போட்டு சும்மா கொண்டு வராதீங்க.

நட்டும் முளைக்கலன்னா

ஒரு தண்ணி ஊத்தி ஒரு மாசம் தாண்டிப் போச்சு, ஒண்ணுமே வரலன்னா முதல்ல ராத்திரி இன்னும் சூடா இருக்கான்னு பாருங்க, சூடா இருந்தா அது காத்துக்கிட்டு இருக்கு, இன்னும் தண்ணி ஊத்தி எழுப்பப் பாக்காதீங்க. குளிர் வந்தும் வரலன்னா ஒரு ஓரத்துல மெதுவா கிளறி ஒரே ஒரு கிழங்கைத் தொட்டுப் பாருங்க. கூழா இருந்தா முடிஞ்சுது, மண்ணோட கொட்டிடுங்க. கெட்டியா இருந்து வேர் வெள்ளையா எட்டிப் பாத்தா மூடிட்டு இன்னும் ரெண்டு வாரம் விடுங்க. கெட்டியா இருக்கு ஆனா வேரே இல்லன்னா சில கிழங்கு அப்படி ஒரு வருஷம் முழுக்கத் தூங்கிடும், தண்ணியை நிறுத்தி, தொட்டியைக் காய விட்டு, லேபிளோட பழைய இடத்துலயே வெச்சுடுங்க, அடுத்த வருஷம் ராத்திரி குளிர ஆரம்பிக்கறப்ப மறுபடியும் ஒரு தண்ணி.